விறகு லாரி வராத வாசல்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே! மறைந்த அம்மையாரின் மூத்த சகோதரர், இலஞ்சி கணபதிசுப்பிரமணியன் அவர்களே! பேராசிரியப் பெருமக்களே! மாணவ மணிகளே! விடுதிச் சமையல்கட்டைச் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாரித்தாய் முதலான சகோதரிகளே! வேதியியல் துறை அகமது கபீரின் வணக்கம்.

நான் அழுவதற்காக இந்த ஒலிபெருக்கி முன் வரவில்லை. நம் வளாகத்தைத் திட்டமிட்ட பொறியாளர் வாலாம்பாள் அம்மையார், சென்ற வெள்ளிக்கிழமை மாரடைப்பால் நம்மை விட்டுப் போனார் என்று கேட்டபோதே அழுது முடித்துவிட்டேன். இன்று பெருமைப்பட வந்திருக்கிறேன்.

சுற்றிப் பாருங்கள். இத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம். ஒரு மின்விசிறியாவது சுற்றுகிறதா? யாருக்காவது வியர்க்கிறதா? செங்கோட்டைக் கணவாய்க் காற்று எந்தப் பக்கம் வரும், எந்த உயரத்தில் ஜன்னல் வைத்தால் காற்று உள்ளே வந்து சாரல் வெளியே நிற்கும் என்று, மூன்று சீசன் இந்தப் பொட்டலில் குடையோடு நின்று பார்த்துக் கட்டியவர் அவர்! சென்னையிலிருந்து வந்த முதல் வரைபடத்தில், நம் ஓடையை மூடி அதன்மேல் நேராக ஒரு சாலை போட்டிருந்தார்கள். கட்டடக் குழுவில் அம்மையார் எழுந்தார்.

"ஓடை நமக்கு முன்னாடியே இங்க இருக்கு. அதுக்கு வழிய விட்டுட்டு, மிச்ச எடத்துல யுனிவர்சிட்டியைக் கட்டுங்கோ."

சாலை வளைந்தது. ஓடை வளையவில்லை!

ஆனால் அவருடைய உண்மையான போர் சாலையில் நடக்கவில்லை, சமையல்கட்டில் நடந்தது. எழுபதுகளில் விடுதி தொடங்கியபோது வாரந்தோறும் விறகு லாரி வரும். விறகு எங்கிருந்து வரும்? அதோ தெரிகிறதே, அந்த மலைச்சரிவிலிருந்துதான். கண்ணெதிரே சரிவு வழுக்கையாகிக்கொண்டு வந்தது. "மலையைப் பார்த்துப் படிக்கணும்னு இங்க பல்கலைக்கழகம் வெச்சுட்டு, அந்த மலையையே எரிச்சுச் சாப்பிடறோமே, கபீர்!" என்று என்னிடம் கேட்டார். அடுத்த வாரம் ஒரு திட்டத்தோடு வந்தார். விடுதிக் கழிப்பறைகளின் கழிவையும் பக்கத்து ஊர்த் தொழுவங்களின் சாணத்தையும் ஒரு தொட்டியில் சேர்ப்பது. அதில் எழும் வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுபோவது. குழுவில் சிரிக்காதவர் யார்? சிரிப்பு அடங்கும்வரை நின்றிருந்தார். "ஒரு விடுதியில பண்றேன். ஓடலைன்னா வேலைய விட்டுப் போயிடறேன்" என்றார். அனுமதி கிடைத்தது.

எழுபத்தொன்பதில் அந்த அடுப்பில் நீலச்சுடர் எழுந்தது. நான் கைதட்டினேன். மாரித்தாய் குலவையிட்டார். மறுநாளே வேலைநிறுத்தம்!

"கக்கூஸ் கேஸில ஆக்குன சோத்தத் திங்க மாட்டோம்!" தட்டுகள் கவிழ்ந்தன. மாணவர் சங்கத் தலைவன் சிவகிரித் தளவாய். முதுகலை மாணவன், விவசாய வீட்டுப் பிள்ளை. விடுதியையே மூடிவிடலாம் என்றது நிர்வாகம். அம்மையார் மறுத்தார். தன் வீட்டு அடுப்பை அணைத்தார். மூன்று வேளையும் விடுதிக்கு வந்து, காலியான கூடத்தில் தனியாக உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்.

செய்தி இலஞ்சிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனது. ஐயா, நீங்கள் மேடையில் இருக்கிறீர்கள். இதைச் சொல்லச் சொன்னவரே நீங்கள்தான். அன்று கோபமாக வந்து நின்றீர்கள்.

"வாலா, ஊரே சிரிக்கறது. இந்தச் சாதத்தையா நீ சாப்பிடறே? கெளம்பு ஆத்துக்கு!"

அம்மையார் இலையிலிருந்து எழவில்லை. "அண்ணா, அக்னி சாட்சியாத்தானே உங்களுக்குக் கல்யாணம் ஆச்சு? அந்த அக்னி எதைத் தின்னு எரியறதுன்னு அன்னிக்கு யாராவது கேட்டேளா?"

நீங்கள் திரும்பி நடந்தீர்கள். மூன்று ஆண்டுகள் தங்கையோடு பேசவில்லை. அந்த மூன்று ஆண்டும் அவர் என்ன பாடுபட்டார் என்பதை நான் அறிவேன். பண்டிகை நாட்களில் இலஞ்சிப் பக்கமே பார்க்க மாட்டார். பிறகு ஒரு நாள் நீங்களே வந்து, அவர் அருகில் இலை போட்டு உட்கார்ந்தீர்களே! அன்றுதான் அந்த அம்மையார் கண்ணீர் விட்டு நான் பார்த்தேன்.

வேலைநிறுத்தம் முற்றியது. ஒரு மதியம் மாணவர்கள் கடப்பாரைகளோடு எரிவாயுத் தொட்டியை உடைக்கக் கிளம்பினார்கள். உள்ளே நிறைய வாயு. வந்தவர்களில் நாலைந்து பேர் வாயில் பீடி! அம்மையார் ஓடி வந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். மூச்சிரைக்க நின்று அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஒடைக்கணும்னா ஒடைச்சுக்கோங்கோ. மொதல்ல பீடியை அணைங்கோப்பா! இதைத் திரும்பக் கட்டிக்கலாம். உங்கள்ல ஒருத்தன் போனா நான் அவன் அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்?"

பீடிகள் அணைந்தன. கடப்பாரைகள் இறங்கவில்லை. அப்போது மாரித்தாய் உள்ளே புகுந்தார்.

"ஏலே தளவாய், வெறகு ஊதி ஊதி எங்கண்ணு அவிஞ்சு கெடந்துச்சு. இந்த அடுப்பு வந்த பொறவுதான் ஒம் மூஞ்சியவே தெளிவாப் பாக்கேன். இத ஒடச்சிட்டு ஆரு வந்து ஊதுவா, நீ ஊதுவியா?"

"அதில்லக்கா... நாத்தம்லா?"

"எங்க நாறுது? மோந்து பாருலே!"

தளவாய் தொட்டிக்குப் பின்னால் போனான். வாயு போக மிச்சமான குழம்பு அங்கே வழிந்து கிடந்தது. குனிந்தான். கையில் அள்ளினான். முகர்ந்தான். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தான். அந்த முகத்தில் இருந்தவன் சங்கத் தலைவன் இல்லை, வயல் தெரிந்தவன்.

"மேடம்... இது நல்ல எருவுல்லா! எங்க ஐயாவுக்கு ஒரு வண்டி தருவியளா?"

மறுநாள் பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் அவன். எல்லோரும் வந்துவிடவில்லை. சிலர் விடுதியை விட்டே போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு இரண்டாவது விடுதி மாணவர்கள் தாங்களே வந்து கேட்டார்கள்: "எங்களுக்கு எப்பம் மேடம்?"

அதற்குப் பிறகு நம் வாசலில் ஒரு விறகு லாரியும் நுழையவில்லை. அந்தச் சரிவில் இன்று பச்சை ஏறிக்கொண்டிருக்கிறது. இதைச் செய்தவர் யார்? ஓர் அரசா? ஒரு படையா? நூல்சேலை உடுத்த ஒரு பெண்மணி! நம் வாலாம்பாள் அம்மையார்!

நண்பர்களே, அவர் கடைசியாக வரைந்தது பெண்கள் விடுதியின் படம். நிதிக்குழு அதிலிருந்து எரிவாயுத் தொட்டியை இந்த மாதம் அடித்துவிட்டது. செலவு அதிகமாம். இந்த மேடையில் ஏறும்முன் துணைவேந்தர் அவர்கள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள்: "கபீர், நிதிக்குழுவின் அந்த முடிவை நான் ரத்து செய்துவிட்டேன்."

எழுந்து நின்று அவரை நினைப்போம். நினைத்து முடித்ததும் கலைந்து போய்விட வேண்டாம். திங்கட்கிழமை காலை பெண்கள் விடுதி எழப்போகும் இடத்துக்குப் பின்னால் தொட்டிக்குக் குழி வெட்டத் தொடங்குகிறோம். கூலிக்கு ஆள் வைக்கப் போவதில்லை. இது நாம் அவருக்குச் செய்ய வேண்டிய வேலை. சோதனைக்குழாய் பிடித்த இந்தக் கைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. திங்கட்கிழமைக்குள் கற்றுக்கொள்கிறேன்.

வாருங்கள், வெட்டுவோம்!