மீனெண்ணெய் வைத்தியம்

மார்கழி மாதம். நாகர்கோவிலிலிருந்து கொட்டாரம் போகும் பஸ். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மடியில் பெரிய குப்பி வைத்திருந்தவள் சொன்னாள்:

“எம் மகன் வயலுக்குத் தண்ணி திருப்பப் போனா உறைஞ்சு போவானாம்க்கா.”

மூத்தவள் திரும்பினாள். “யாருட்டி சொன்னா?”

“அவனேதான். காலேஜில படிக்கான்லா? நம்ம உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையாம். ஒவ்வொண்ணுக்கும் சுவரு ரெண்டு அடுக்கு எண்ணெயாம். தேங்காண்ணெ மாதிரி அதும் குளிர்ல உறையுமாம். இந்த வாரம் எங்க தண்ணி முறை. இவன் போர்வைக்குள்ள கெடந்தான்.”

“பயிரு?”

“வாடிச்சு. ‘வாய்க்கால்ல மீனு உறையலியே மக்கா’ன்னு கேட்டேன். மீனுக்க எண்ணெ வேற, அது லேசுல உறையாதுன்னான்.”

“பொறவு?”

“ஒரு குப்பி சுறா மீனெண்ணெ வாங்கி அவன் தலைமாட்டுல வச்சேன். காலையில ரெண்டு கரண்டி, ராத்திரி ரெண்டு கரண்டின்னு சொல்லி மூடியத் தொறந்தேன். நாத்தம் தாங்காம மம்பட்டியத் தூக்கிட்டு வயலுக்கு ஓடிட்டான்.”

“அப்ப இந்தக் குப்பி?”

“இது அவனுக்க அப்பாவுக்கு. இண்ணைக்குக் காலம்பற அவரும் உறையத் தொடங்கிட்டாரு.”