நாற்பத்தோராவது வரி

எங்கள் வீட்டுக் கணினிக்கு மூன்று வருடமாக ஒரு வைரஸ்கூட வந்ததில்லை, ஃபாதர். புக்கிட் ரோத்தானில் இதைத் தைரியமாகச் சொல்லக்கூடிய வீடு எத்தனை இருக்கும்?

நீங்கள் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, "மவுரீன், இது என்ன?" என்று கேட்டீர்கள். ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான் முப்பத்தொரு வருடம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள். முன்பக்கங்களைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் தங்கை கண்மணியை உங்களுக்குத் தெரியும். போன வருடத்திலிருந்து சனிக்கிழமைதோறும் இந்தக் கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்து, இறந்தவர்களில் யார் யாருக்குப் பூசை என்ற பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுப்பவள். பூசணிக்காய் அளவு எழுத்தில் அச்சடித்து உங்களைச் சிரிக்க வைப்பவளும் அவள்தான். இரண்டு கண்ணிலும் புரை. சின்ன எழுத்து தெரியாது. வயது ஐம்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருக்கும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போனபிறகு என்னைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு முட்டி வலி. நாலு மணித் தேநீர் நாலு மணிக்கு வரவேண்டும். அதற்குமேல் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் பாலாய் ராயா மண்டபத்தில் இணைய மோசடி பற்றி ஒரு கூட்டம் நடந்தது. தனியாக இருக்கும் பெண்களிடம் அன்பாகப் பேசியே ஏமாற்றுகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் தமிழ்ப்பள்ளியில் கணினி பார்த்துக்கொள்ளும் புவனேசனைக் கூப்பிட்டேன். அவன்தான் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் காட்டிக்கொடுத்தான். கணினிக்குள் ஒரு மூலையில் கிடக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஆகாத தளத்தின் பெயரை அதில் எழுதி, முன்னால் நம் கணினியின் எண்ணையே போட்டுவிட்டால் போதும். யாராவது அந்தத் தளத்தைக் கேட்டால் கணினி வெளியே போகாது. தன் வீட்டுக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

புவனேசன் ஒத்துக்கொள்ளவில்லை. "இது பூட்டு இல்லக்கா. தெரிஞ்ச கள்ளனத்தான் தடுக்கும். அவன் நாளைக்கே வேற பேர்ல வருவான். போன்ல வேல செய்யாது, வேற கம்பியூட்டர்லயும் வேல செய்யாது. இத நம்பிக்கிட்டு அப்டேட் போடாம விட்டுறாதீங்க லா."

"எங்க வீட்டுல ஒரே கம்பியூட்டர்தானேப்பா" என்றேன்.

"ஒங்க தங்கச்சி போனு?"

"அது பொத்தான் போன். பேச மட்டுந்தான்."

"அப்ப நீங்க யாரத்தான்க்கா தடுக்கப் போறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனான். விவரமானவன்தான், சிரிப்புதான் கொஞ்சம் அதிகம்.

போலி வங்கி, சூதாட்டம், பொட்டலம் வந்திருக்கிறது என்று சொல்லும் தளங்கள் என்று நாற்பது வரி எழுதினேன். அந்த வாரம் ஒருநாள் நாலு இருபதாகியும் தேநீர் வரவில்லை. காரணம் பார்க்கப் போனேன். கண்மணி கணினி முன்னால் உட்கார்ந்து, திரையில் மூக்கு இடிக்கும் தூரத்தில், சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடவுச்சொல்லை நாட்காட்டிக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தாள். பாதுகாப்பு என்றால் என்னவென்றே தெரியாதவள். அவள் பூசைக்குப் போனபோது எல்லாவற்றையும் படித்தேன். துணை தேடுகிறவர்களுக்கான தளம் அது. அம்பாங் பெச்சாவில் இருக்கும் பெர்னாட் என்பவர் எழுதிய ஐம்பத்தேழு கடிதங்கள். மனைவியை இழந்தவர், தண்ணீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பணம் கேட்கவில்லை, படம் கேட்கவில்லை. கண்ணுக்கு மருந்து போட்டீர்களா, கோயிலில் என்ன பாட்டுப் பாடினீர்கள், இதையேதான் கேட்டிருந்தார். அதுதான் எனக்குச் சந்தேகம். மோசடிக்காரன் ஏதாவது கேட்பான், அதை வைத்து அவனைப் பிடித்துவிடலாம். எதுவும் கேட்காதவனை எப்படிப் பிடிப்பது?

கடைசிக் கடிதத்தில் கம்போங் குவாந்தானுக்குப் போய், ஆற்றில் படகிலிருந்து மின்மினி பார்க்கலாமா என்று எழுதியிருந்தார். என் கண்ணுக்குத் தெரியுமோ என்னவோ என்று இவள் எழுதியிருக்கிறாள். 'தெரியாவிட்டால் எங்கே மின்னுகிறது என்று நான் சொல்கிறேன்' என்று அவர்.

அந்தத் தளத்தை நாற்பத்தோராவது வரியாக எழுதினேன். மே மாதம் பதினான்காம் தேதி.

"அக்கா, இது திறக்க மாட்டேங்குது. லைன் போயிருச்சா?"

"கவர்மெண்டு வெப்சைட்டே நாளெல்லாம் ஜாம் ஆகிக் கெடக்கு, இது எம்மாத்திரம் லா."

அவள் நம்பினாள். இந்த நாட்டில் அதை யாரும் நம்புவார்கள். ஒன்பது நாள் திறந்து திறந்து பார்த்தாள். பத்தாவது நாள், அந்த மாதிரித் தளங்களையெல்லாம் மூடிவிட்டார்களாம், பேப்பரில் படித்தேன் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். "என் நம்பரயாச்சும் குடுத்திருக்கலாம்" என்றாள். "யாருக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். யாருக்கும் நம்பர் கொடுக்காதே, வீட்டு முகவரி கொடுக்காதே என்று நான் சொல்லியிருந்ததை அவள் அப்படியே கடைப்பிடித்திருந்தாள். நல்ல பிள்ளை.

நாற்பத்திரண்டாவது வரி, மருத்துவமனையில் கண் அறுவைக்குத் தேதி பார்க்கும் தளம். அதையும் சொல்லிவிடுகிறேன். கண் தெளிந்தால் பெரிய போன் கேட்பாள். பெரிய போனில் புவனேசன் சொன்னதுபோல ஹோஸ்ட்ஸ் கோப்பு வேலை செய்யாது. பாதுகாப்பு என்றால் அரைகுறையாகச் செய்யக்கூடாது, ஃபாதர். கேட்கும்போதெல்லாம், வரிசை நீளம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவர் நேரிலேயே வந்துவிட்டார். ஊர்ப் பெயரை வைத்தும், கோயிலில் பாடுகிற கண்மணி என்று தோசைக்கடையில் விசாரித்தும் கண்டுபிடித்திருக்கிறார். அவள் அப்போது பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் நீளமான ஒரு பெட்டி.

"கண்மணி வீடு இதுதானுங்களா? நான் பெர்னாட்."

"நீங்க யாருன்னு தெரியலையே."

"கடுதாசி போட்டுக்கிட்டிருந்தோம்மா. மூணு மாசமா பதிலே இல்ல. ஒடம்புக்கு ஏதும் முடியலையான்னு பாத்துட்டுப் போலாம்னு."

அந்த இடத்தில் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அவரைத் தடுக்கக் கோப்பு இல்லை. அது செய்யும் வேலையை நான்தான் செய்தாக வேண்டும். கேட்டவரிடம், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொன்னேன்.

"வெளியூரு போயிருக்காங்களா?"

"தவறிட்டா."

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் கால்வாய் ஓரச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

"எந்தத் தேதிங்கம்மா?"

யோசிக்காமல் வாயில் வந்த தேதி மே பதினான்கு. கல்லறை எங்கே என்றார். எரித்துவிட்டோம் என்றேன். தலையாட்டினார். பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக அவருக்கு மனம் வரவில்லை. யாருக்காவது உதவும், வைத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் கணினி விசைப்பலகை. மஞ்சள் கட்டை, மேலே கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு எழுத்து. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கென்றே செய்தது. நான் வாங்கி வந்ததாகக் கண்மணியிடம் சொன்னேன். அழுதுவிட்டாள். "எனக்காக எம்புட்டு அலைஞ்சிருக்கீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில்தான் தட்டச்சு பழகினாள். அதனால்தான் உங்களுக்கு இன்றைக்குப் பட்டியல் அடிக்க ஆள் கிடைத்திருக்கிறது. நல்லதும் நடந்திருக்கிறது, பாருங்கள்.

இப்போது இந்தத் தாளுக்கு வருகிறேன். அம்பாங் பெச்சாவிலிருந்து அவர் இந்த அலுவலகத்துக்கு அனுப்பிய ஈமெயில். இரண்டு வருடம் தன் கோயிலிலேயே கண்மணியின் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தாராம். மூன்றாம் வருட நினைவுக்கு அவள் பாடிய கோயிலிலேயே, மே பதினான்காம் தேதி வைக்க வேண்டுமாம். அக்கா மவுரீனின் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பண்பானவர். அதை நான் மறுக்கவில்லை.

புவனேசன் சொன்னது சரிதான். ஒரு கணினியில் எழுதியது இன்னொரு கணினியைக் காக்காது. என் வீட்டில் நாற்பத்திரண்டு வரி இருக்கிறது, உங்கள் அலுவலகக் கணினியில் ஒன்றும் இல்லை. கடவுச்சொல்லைக் கொடுங்கள், பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

சனிக்கிழமை பட்டியலுக்கு அடியில் இந்தத் தாள் இருந்தது என்றீர்கள். அச்செடுத்தது அவளாகத்தான் இருக்கும். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடி இல்லாமலேயே படிக்கிறேன், அவ்வளவு பெரிய எழுத்து. அதற்காக அவள் இதைப் படித்தாள் என்று ஆகிவிடாது. வருகிற ஈமெயிலையெல்லாம் பெரிதாக்கி அச்செடுப்பது அவள் பழக்கம்.

இன்று காலை எனக்கு முன்னாலேயே எங்கோ கிளம்பிவிட்டாள். மேசையில் விசைப்பலகை இல்லை, துடைக்க எடுத்திருப்பாள். பீரோவில் அவள் துணி வைக்கும் தட்டு காலியாக இருந்தது, துவைக்கப் போட்டிருப்பாள். இப்போது மணி நாலே முக்கால். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்.

அவள் படித்திருக்க வழியில்லை. அவளுக்குக் கண் தெரியாது, ஃபாதர். அதற்கு வேண்டியதை நான் செய்து வைத்திருக்கிறேன்.