முதுகால் பஸ்ஸை நிறுத்தியவன்

"அந்தப் படத்தில ஹீரோ பறந்து வந்து பஸ்ஸை முதுகால நிப்பாட்டுறானே, அந்த இடம்தான் நானா எனக்கு உயிர்!"

கண்டக்டர், அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் சாரதியிடம் இப்படிச் சொன்னதும்தான் நான் காது கொடுத்தேன். எங்கள் பஸ் முந்தல் ஊரைத் தாண்டிச் சிலாபத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொரு பஸ், முந்துவதற்காக விடாமல் ஹோர்ன் அடித்தது.

"எனக்கு அந்த இடத்திலதான் படமே வெறுத்துப்போச்சு," என்றார் சாரதி. எதிரே வந்த லொறி உரசாத குறையாகக் கடந்துபோனது.

"ஏன் நானா? அவ்வளவு சனத்தையும் காப்பாத்தினானே!"

"ஓம், காப்பாத்தினான். எல்லாரும் இறங்கிக் கை தட்டினாங்க. அந்த பஸ்ஸ ஓட்டினவனுக்கு என்ன நடந்தது எண்டு காட்டினாங்களா?"

கண்டக்டர் யோசித்தான். "காட்டல்லதான்."

"முன்பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்திச்சு. அதுக்குள்ளதானே அவன் இருந்தவன்? அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும்."

என் பக்கத்திலிருந்த பெண் முன்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த பஸ் இப்போது எங்கள் ஜன்னலுக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப கொஞ்சம் மெதுவாப் போங்களேன், நானா." கண்டக்டரின் குரல் இறங்கியிருந்தது.

சாரதி பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

"அந்தப் படத்த முதல்ல பக்கத்து பஸ்காரனுக்குப் போட்டுக் காட்டு."