கண்ணாடிக்கடை அம்மாவின் இலவசப் பெயர்

தேநீருக்கு நன்றி, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. குறை சொல்வது வாடிக்கையாளர்களின் வேலை. எனக்கு அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. ஒரு நிமிடம், ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கம்பெனி வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறது. நான் இருப்பது தக்கவைப்புப் பிரிவில். இணைப்பு வேண்டாம் என்று வருகிறவர்களை, வேண்டும் என்று சொல்லவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆபீசில் என்னைப் 'பசை' என்பார்கள். கடந்த பதினைந்து மாதங்களில் என் மேசைக்கு வந்த ஒருவர்கூட இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போனதில்லை. மேலாளர் இதைக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்று கட்டங்கள்: ஏன் போக நினைத்தார், நாம் என்ன சொன்னோம், ஏன் தங்கினார். மூன்றாவது கட்டத்தை யாரும் படிப்பதில்லை என்பதால் மற்றவர்கள் அதில் 'திருப்தி' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். தணிக்கைக்கு வந்த அம்மையார் அதைப் படித்ததால்தான் விசாரணை என்று நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். என் நாணயத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இலவச டொமைனைப் பற்றிக் கேட்டீர்கள். இணைப்பு வாங்கினால் உங்கள் கடைப் பெயரிலேயே ஒரு வெப்சைட் முகவரி, அதே பெயரில் ஒரு மெயில், இரண்டும் இலவசம் என்று விளம்பரம் செய்கிறோம். பெயர் பதிவாவது கம்பெனியின் பேரில். இணைப்பு இருக்கும்வரை அது உங்களுடையதுபோல இருக்கும். இணைப்பை விட்டால் பெயர் எங்களிடம் நின்றுவிடும். விதிகளில் பதினெட்டாவது விதி அது. எழுத்து சிறியதுதான். ஆனால் ஒளித்துவைக்கவில்லை.

கண்ணாடிக்கடை அம்மா போன வருடம் என் மேசைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை, மாடியில் வீடு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். உட்கார்ந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறீங்களே தம்பி. பவர் இருக்கும்போல. வந்து டெஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

"ஆகட்டும்மா. நீங்க வந்த விஷயம்?"

"லைனை நிறுத்திடுங்க. ரோட்டை அகலப்படுத்துறாங்களாம், கட்டடத்தையே இடிக்கப்போறாங்க. புது இடத்துல உங்க கம்பி இல்லையாம்."

"நிறுத்திடலாம்மா. பேரும் போயிடும்."

"எந்தப் பேரு?"

"கடைப் பேருல இருக்கிற வெப்சைட்டு, மெயிலு."

"அது என் பொண்ணு வாங்கினது. ஃப்ரீன்னுதானே போட்டிருந்துச்சு?"

"ஃப்ரீதாம்மா. அதனாலதான் உங்களுது இல்ல."

அவர், நான் கேட்காமலேயே சொன்னார். மகள் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம். பிடிக்காத இடத்தில் கல்யாணம், வழக்கமான சண்டை. போகிற அன்று வாசலில் நின்று இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதேன்னு சொல்லிட்டேன் தம்பி. வாயா அது? சாக்கடை." அதற்கப்புறம் இவருடைய செல் நம்பர் இரண்டு முறை மாறிவிட்டது. கடையும் இடிந்துவிட்டால் மகளுக்குத் தெரிந்த முகவரி என்று மிஞ்சுவது அந்த மெயில் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளே தேர்ந்தெடுத்து, போர்டில் அவளே பெயின்ட் அடித்த பெயர்.

கட்டடம் இடிந்தாலும் இணைப்பை வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொன்னேன். வைத்துக்கொண்டார். கட்டடம் இருந்த இடத்தில் இப்போது பேருந்துகள் போகின்றன. எங்கள் கணக்கில் அங்கே ஒரு அதிவேக இணைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மோடத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

மெயிலின் கடவுச்சொல் மகளுக்குத்தான் தெரியும். மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளர் மாற்ற வேண்டும். உரிமையாளர் கம்பெனி, கம்பெனி என்றால் என் மேசை. "என்ன வந்தாலும் நானே பிரின்ட் எடுத்துத் தரேம்மா" என்றேன். மாதத்தின் முதல் திங்கள்கிழமை வர ஆரம்பித்தார். வந்தவையெல்லாம் விளம்பரங்கள். வழுக்கையில் முடி முளைக்கும் தைலத்தைப் பற்றிய மெயிலைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நான்காவது மாதம் மகள் எழுதினாள். சின்ன மெயில். "மா, உடம்பு சரியில்ல. வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அவர் என்னை விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு. பயமா இருக்கு. நீ வந்தா போதும்." கீழே ஆஸ்பத்திரிப் பெயர், வார்டு எண், போன் நம்பர்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். இதைக் கொடுத்தால் அந்த அம்மா அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார். மகள் கிடைத்துவிட்டால் பெயர் எதற்கு? தேடியது கிடைத்த வாடிக்கையாளர் தங்கமாட்டார். இது எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது.

அதனால் நானே பதில் எழுதினேன். ஒரே வரி. "செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே." அது அந்த அம்மாவின் சொந்த வாக்கியம். நான் எதையும் சேர்க்கவில்லை. வாசலில் இருவர் மட்டும் இருக்கும்போது சொன்னது என்பதால், எழுதியது யார் என்ற சந்தேகம் அந்தப் பெண்ணுக்கு வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை கழித்து மூன்று நாளில் இன்னொரு மெயில். பக்கத்துப் படுக்கைப் பெண் எழுதியிருந்தாள். "அம்மாவுக்குத் தெரியப்படுத்த வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார். திரும்பி வரவில்லை. மனசு கேட்காமல் எழுதுகிறேன்." பண்பான பெண். பதில் போடவில்லை, அது என் வேலையில் வராது.

அதற்கடுத்த திங்கள்கிழமை கண்ணாடிக்கடை அம்மா வந்து, "போதும் தம்பி, நிறுத்திடுங்க. அவ எழுதமாட்டா. என் பொண்ணாச்சே, என்னைவிடப் பிடிவாதம்" என்றார். யாரும் துண்டிக்காத என் ரெக்கார்டு அப்போது எட்டு மாதம்.

"இன்னும் ஒரு மாசம் பாருங்கம்மா" என்றேன். அடுத்த மாதம் கடிதம் தயாராக இருந்தது. நடை கடினமில்லை, 'மா' என்று தொடங்கி, குட்டிக் குட்டி வாக்கியங்கள். வேலை தூர ஊரில், இப்போது வர முடியாது, நீயும் அலையாதே, நானே வருகிறேன், எழுது. அந்த அம்மா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு என் மேசையைத் தன் முந்தானையால் துடைத்தார், ஏன் என்று தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பதிலை நான்தான் டைப் செய்தேன்.

"போயிடுச்சா தம்பி?"

"போயிடுச்சும்மா."

உண்மையிலேயே அனுப்பினேன், சார். அந்தப் பெண்ணின் முகவரிக்குத்தான். ஏழு மாதமாக ஏழு பதில்களும் அங்கேதான் இருக்கின்றன. வாடிக்கையாளரிடம் நான் பொய் சொல்வதில்லை. படிவத்தின் மூன்றாவது கட்டத்திலும் உள்ளதைத்தான் எழுதினேன்: 'தங்கிய காரணம், இறந்த மகளின் கடிதங்கள்.' மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

சுருக்கமாகக் கேட்கிறீர்கள் என்றால், ஆமாம். மகளை அம்மாவின் பெயரில் விரட்டினேன். அம்மாவுக்கு மகளின் பெயரில் எழுதினேன். அந்தப் பெண் இறந்ததை மறைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஆனால் ஒன்று. பெயரை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். தலைக்கு மை போடுகிறார், ஆபீசில் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார். ஒருநாள் என்னிடம், "நீங்க இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேன் தம்பி" என்றார். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? என்னிடம் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கண்ணாடியையா பார்க்கிறீர்கள்? ஆமாம், பெண்கள் ஃபிரேம்தான். இரண்டு மாதம் முன்னால் மகள் எழுதிய கடிதத்தில், "மா, எனக்குக் கிட்டப்பார்வை வந்திருச்சு, நீயே ஒரு கண்ணாடி செஞ்சு குடு" என்று கேட்டிருந்தாள், பவரும் எழுதியிருந்தாள். அந்த அம்மா தானே லென்ஸைத் தேய்த்துப் பொருத்தி, பெட்டியில் பஞ்சு வைத்து, அனுப்பிவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எனக்குப் பவர் கச்சிதம். திங்கள்கிழமைகளில் மட்டும் கழற்றி டிராயரில் வைத்துவிடுவேன்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் இறுக்குகிறது. அடுத்த கடிதத்தில் சொல்லியிருக்கிறேன்.