பாலத்துத் தூணில் மைதிலி

ஏணிய அக்கட்டால எடுத்துட்டுப் போயிராதீங்க கண்ணு, எனக்குச் சித்த நேரம் வேணும். இல்லீங்க, மொதல்ல உங்க வேலைய முடியுங்க. நான் என்ன அவசரத்துலயா வந்தேன்? நாமக்கல்லுல பஸ்ஸேறி, இந்தச் சேலத்துக் கூட்டத்துல எறங்கி, பாலத்தடிக்கு வந்து சேர்றதுக்குள்ள முழங்காலு ரெண்டும் விட்டுப்போச்சு. இப்பிடிச் சித்த உக்காந்துக்கறேன். பை அந்த நெழல்லயே இருக்கட்டும், வெயிலு பட்டாக் கெட்டுப் போயிரும். உள்ள என்னன்னுங்களா? சொல்றேன், சொல்றேன்.

அட, நீங்க வரையறது மயிலுங்களா? நான் கோழின்னு நெனச்சேன். கோவிச்சுக்காதீங்க, எங்கூருல எங்க திரும்புனாலும் கோழிப்பண்ணைதான், கண்ணுல அதுதான் நிக்குது. நல்லாத்தான் இருக்குது. கழுத்துக்கு மட்டும் இன்னுங்கொஞ்சம் நீலம் ஏத்துங்க. இவளுக்கென்ன தெரியும்னு பாக்கறீங்களா? லாரிக்குப் பெயிண்டு அடிக்கறவருக்கு வாக்கப்பட்டவளுங்க நான். எங்கூட்டுச் சோத்துலயே தின்னர் வாசம் அடிக்கும்.

அதா, உங்களுக்குப் பக்கத்துத் தூணு. ரெட்டச்சடை போட்டுட்டு, கையில பொஸ்தகம் வெச்சுட்டு நிக்கற புள்ள. அது எங்கூட்டுக்காரரு வரைஞ்சதுங்க. சென்னிமலைன்னு பேரு. கீழ தேடாதீங்க, அங்க இருக்காது. ஊரை அழகு பண்றோம், தூணுக்கெல்லாம் படம் வரையறோம், உள்ளூரு ஆளுங்களும் வேணும்னு லாரிக்குப் பாடி கட்டற பட்டறைக்கே வந்து கூப்புட்டாங்க. கடைசியில வெளியூருல இருந்து வந்தவங்களுக்குப் பேரு, போட்டோ, எல்லாம். லாரி பெயிண்டருங்களுக்கு உள்ளூர்க் கலைஞர்கள்னு மொத்தமா ஒரு வரி. உங்களச் சொல்லலீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். நாந்தான் பொங்குனேன். அவரு கண்டுக்கவே இல்ல. பேரு கெடக்குது போ, எத்தாப்பெரிய தூணு பாத்தியா, வடக்க போற வண்டி பூரா இதச் சுத்தித்தான் போகுதுன்னாரு.

பொம்பளப் புள்ளைங்களப் படிக்க வைங்கன்னு ஒரு படம் போடச் சொல்லியிருந்தாங்க. அவரு மைதிலியப் போட்டுட்டாரு. என்ற புள்ளைங்க. ஒரே புள்ள. தாவாக்கட்டையில மச்சம் தெரியுதுங்களா? பெயிண்டு சிந்துனதில்ல அது, அவளோட மச்சம்.

காலேஜுல படிச்சுட்டு இருக்கறப்ப ரிக் வண்டிக்காரப் பையனோட போயிட்டாங்க. போர் போடற வண்டி, திருச்செங்கோட்டுல கெளம்புனா வடக்கயேதான் மாசக்கணக்காக் கெடக்கும். பையன் வேற சாதி. அவ்வளவுதான், சொந்தக்காரங்க பூரா வந்து வாசல்ல நின்னுட்டாங்க. தலை முழுகிரு சென்னிமலை, செத்துப்போயிட்டான்னு நெனச்சு ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திக்கன்னு. பங்காளி ஒருத்தரு கையப் புடிச்சுக் கெணத்தடிக்கே இழுத்துட்டுப் போனாரு. இவரு உதறிட்டு வந்துட்டாரு. என்ற புள்ள எங்கியோ உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கறா, நான் எதுக்குய்யா தலை முழுகோணும்னு கேட்டாரு. அன்னையில இருந்து ஒரு ஒறம்பரை எங்கூட்டு வாசப்படி மிதிக்கறதில்ல.

மொதல்ல போனு பேசிட்டுத்தான் இருந்தா. எனக்குத்தான் கூப்புடுவா. அப்பா சாப்புட்டாரா, இன்னும் கோவமாத்தான் இருக்கறாரான்னு கேப்பா. கோவமே இல்லடின்னா நம்ப மாட்டா. அப்பறம் திடுக்குன்னு போனு நின்னுபோச்சு. அந்தப் பையன் நம்பரும் போகல. ரிக் முதலாளியக் கேட்டா, அவன் வேலைய உட்டு நின்னு வெகு நாளாச்சுங்கறாரு. அப்ப எங்கீன்னு போயித் தேடறது, சொல்லுங்க? இந்தியா பூராவும்ல ஓடுது அந்த வண்டிங்க.

லாரிக்குப் பின்னாடி பாத்திருப்பீங்க, முதலாளி புள்ளைங்க மொகத்த வரைஞ்சிருக்கும். போட்டோவக் குடுத்துட்டுப் போயிருவாங்க, பாத்து வரையோணும். இவரு அந்தப் போட்டோவ வாங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மைதிலியவே வரைஞ்சு உட்டுருவாரு. நாக்பூரு, ராயப்பூரு, கல்கத்தான்னு போற வண்டிங்க. எவனாச்சும் பாப்பான், இந்தப் புள்ளைய எங்கியோ பாத்தமேம்பான், டிரைவருகிட்டச் சொல்லுவான். அப்பிடி ஒரு ரோசனை அவருக்கு. ஒரு முதலாளி வந்து குதியோ குதின்னு குதிச்சாரு. ஏனுங்க பெயிண்டரே, என்ற பையனுக்கு எதுக்குங்க கம்மல் போட்டு உட்டீங்கன்னு. சிரிங்க, சிரிங்க, நானும் அன்னைக்கு வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சேன். இவரு கம்மல மட்டும் அழிச்சுக் குடுத்தாரு. மச்சத்த உட்டுட்டாரு.

தை நோம்பி முடிஞ்சு இங்க தெறப்பு விழா வெச்சாங்க. பந்தலு, மேளம், எல்லாம் தடபுடலு. பெரிய மனுசரு ஒருத்தரு வந்தாரு, பேரு எதுக்கு. பேசி முடிச்சுட்டு, அவரு கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி, மரியாதையா இந்தப் புள்ளைக்கே போடுங்கன்னு குடுத்துட்டாரு. கூட வந்தவன் ஒருத்தன் ஏணியில ஏறி, சீரியல் செட்டு மாட்ட அடிச்சிருந்த ஆணியில, என்ற புள்ள நெத்திக்கு மேல மாட்டிட்டான். சுத்தி நின்னவங்க கை தட்டறாங்க.

உசுரோட இருக்கறவ படத்துக்கு எவனாச்சும் மாலை போடுவானுங்களா? பாஞ்சு போயி, தொங்கற முனையப் புடிச்சு இழுத்து அறுத்து ரோட்டுல வீசிட்டேன். நாசமாப் போறவனே, என்ற புள்ளையச் சாகடிக்கறியாடான்னு கத்திட்டேன். அத்தாப்பெரிய மனுசனைங்க! போலீஸ்காரம்மா தரதரன்னு இழுத்துட்டுப் போனா. எங்கூட்டுக்காரரு எல்லாத்தையும் கையெடுத்துக் கும்புட்டு என்னையக் கூட்டிட்டு வந்தாரு. வையப் போறாருன்னு நெனச்சேன். பஸ்ஸுல ஊரு போய்ச் சேர்ற மட்டும் என்ற கைய உடவே இல்ல. நல்லா பண்ணுன பாப்பாயின்னாரு. கல்யாணம் ஆனதுல இருந்து நாலு பேரு முன்னால அவரு என்ற கையப் புடிச்சது அன்னைக்குத்தானுங்க.

போன மாசம் டிரைவரு ஒருத்தரு போன் பண்ணுனாரு. ராயப்பூரு தாண்டி ஒரு ஆசுபத்திரி வாசல்ல டீ குடிக்க வண்டிய நிறுத்தியிருக்கறாரு. உள்ள கூட்டிப் பெருக்கற பொம்பள ஒருத்தி வெளிய வந்தவ, வண்டிக்குப் பின்னாடியே நின்னுட்டாளாம். படத்துல அந்த மச்சத்தத் தொட்டுத் தொட்டுக் காட்டி இந்தியில என்னமோ சொல்லியிருக்கறா. எந்த வண்டிங்கறீங்க? அதேதான், கம்மல அழிச்ச வண்டி.

எங்கூட்டுக்காரரு அன்னைக்கே ரயிலேறிட்டாரு. நானும் வாரேன்னேன், வேண்டாம்னுட்டாரு. திரும்பி வந்துதான் சொன்னாரு. அவளுக்கு மஞ்சக்காமாலையாம். அந்தப் பையன் சேத்து உட்டுட்டுப் போனவன் திரும்பியே வரலியாம். அந்தக் கூட்டறவதான் கூட இருந்து வாயில தண்ணி உட்டிருக்கறா. ஐப்பசியிலீங்க. இங்க மேளம் அடிச்சது தையில. நான் மாலையப் புடுங்கி வீசுனனே, அப்பவே அவ இல்லீங்க.

அழாதீங்க கண்ணு. கையில பெயிண்டு, கண்ணத் தொடைக்காதீங்க, எரியும்.

அவரு இன்னைக்கும் பட்டறையிலதான் இருக்கறாரு. புது வண்டி ஒண்ணு நிக்குது, அதுலயும் மைதிலியவேதான் வரைஞ்சுக்கிட்டு இருக்கறாரு. எதுக்குங்க இன்னும்னு கேட்டா, கை வேற மொகம் வரைய மாட்டேங்குது பாப்பாயிங்கறாரு. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உட மாட்டாரு. எத்தனை நாளைக்குங்க அந்தப் புள்ளைய இப்பிடி ரோட்டுல நிக்க வெச்சுப் போறவன் வாரவன் மொகத்தையெல்லாம் பாக்க வெக்கறது? போதும். இனி யாரும் அவளத் தேட வேண்டாம்.

அந்தப் பைய எடுங்க. சம்பங்கி, நடுவுல ரோசாப்பூ வெச்சுக் கட்டச் சொன்னேன். பூக்காரி, கல்யாணத்துக்குங்களாக்கான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

ஆணி இன்னும் அங்கயேதான் இருக்குது பாருங்க. மாட்டிட்டு, உங்க செவப்புலயே நெத்தியில ஒரு பொட்டு வெச்சு உட்டுருங்க. எனக்குத்தான் முழங்காலு மடங்க மாட்டேங்குதே. ஏறு சாமி, ஏணிய நான் புடிச்சுக்கறேன்.