விளக்கோடு தேடிப் போன சித்தி

பெரியவர்: ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. நன்றாக இருந்த ஒரு கதையை இந்த வகுப்பறையில் கெடுத்துவிட்டீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

டீச்சர்: முதல்ல உட்காருங்க ஐயா. நீங்க யாரோட தாத்தா?

பெரியவர்: ஜன்னலோரம் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருப்பாளே, அவளுடைய தாத்தா. அம்மாவைப் பெற்றவன். இந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். நானும் வாத்தியார்தான், நின்றே பழகியவன்.

டீச்சர்: ஓ... சாப்பிடும்போதுகூட இலக்கணம் திருத்துவீங்களாமே, அந்தத் தாத்தாவா?

பெரியவர்: பேச்சை மாற்றாதீர்கள். பழைய கதையில் மாற்றாந்தாயாக வந்த சித்தி பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறாள். உங்கள் படப் புத்தகத்தில் அவளே விளக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போகிறாள். இப்படித் தலைகீழாக்க யார் அனுமதி கொடுத்தது?

டீச்சர்: ரெண்டையும்தான் படிச்சோம் ஐயா. முதல்ல பழசு, அப்புறம் புதுசு. பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது மாறியிருக்குன்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும். ‘பழைய கதையில சித்திகிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கல’ன்னு ஒருத்தன் சொன்னான்.

பெரியவர்: கெட்டிக்காரன். இருக்கட்டும். அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டீச்சர்: கதை கெட்டுப்போச்சுன்னு மட்டுமா இவ்வளவு தூரம் வந்தீங்க?

பெரியவர்: இல்லை. என் மகளுக்காக வந்தேன்.

டீச்சர்: கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க.

பெரியவர்: அன்று வீட்டுக்கு வந்ததும் என் பேத்தி, ‘சித்தியும் நல்ல அம்மாதானேம்மா?’ என்று கேட்டிருக்கிறாள். என் மகள் அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை.

டீச்சர்: கதையில வந்ததைக் கேட்டதுக்கா?

பெரியவர்: இவளை என் மகள் பெறவில்லை, அம்மா. பெற்றவள் என் மருமகனின் முதல் மனைவி; குழந்தை தவழத் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவளுக்குத் தெரியக்கூடாது என்று ஊர் மாறினோம். சொந்தக்காரர்களிடம் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டோம். தெரிந்துவிட்டால்... என் மகளை இவள் மறுபடி ‘அம்மா’ என்று கூப்பிடுவாளா?

டீச்சர்: ஐயா... நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்.

பெரியவர்: எதை?

டீச்சர்: உங்க பேத்திக்கு வாக்குக் குடுத்திருந்தேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு.

பெரியவர்: சொல்லுங்கள். இப்போதாவது சொல்லுங்கள்.

டீச்சர்: அந்தப் புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்கல. நூலகத்துல அவதான் தேடி எடுத்துட்டு வந்தா, ‘வகுப்புல இதைப் படிங்க டீச்சர்’னு. போன வருஷமே ஒரு கல்யாண வீட்டுல யாரோ இதைப் பத்திப் பேசினது அவ காதுல விழுந்திருக்கு. ‘எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா அழுவாங்க. கதையில வந்ததுன்னு கேட்டா அவங்களே சொல்லிடுவாங்கல்ல’ன்னா. சொல்லுவாங்கன்னுதான் இன்னமும் காத்துக்கிட்டிருக்கா. இந்தாங்க, புத்தகம். எடுத்துட்டுப் போய் இன்னிக்கே உங்க மகள் கையில குடுங்க. நீங்க படிச்சுக் காட்ட வேண்டாம். அவங்களே அவளுக்குப் படிச்சுக் காட்டட்டும்.