சைரா எஜேக்கு ஒரு நினைவுக் கல்

எங்கள் வகுப்பில் ஒரு வேலையைச் சொன்னால் சொன்ன நாளுக்குள் முடித்துக் கொடுப்பவன் நான் ஒருவன்தான். இப்போது என் மேல் கோபமாக இருப்பவர்கள்கூட இதை மறுக்க மாட்டார்கள். முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை நான்தான் வகுப்புத் தலைவன். அடுப்புக்குக் கரி அள்ளுவது இன்று யார் முறை என்று எழுதி வைப்பது, நோட்டுகளை வாங்கி அடுக்கி எடுத்துப் போவது எல்லாம் என் பொறுப்பு. இந்த விளக்கக் கடிதத்தைக்கூடக் கேட்ட நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே எழுதி முடித்துவிட்டேன்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், பழைய மாணவர்கள் எல்லோரும் கோடைதோறும் ஒருமுறை நம் பள்ளிக்கூடத்திலேயே கூடலாம் என்று பேச்சு எழுந்தது. ஏற்பாடு செய்ய ஆறேழு பேர் ஜீபெக்கின் வீட்டில் உட்கார்ந்தோம். ஜீபெக் அதே பள்ளியில் இப்போது நூலகர். ஆட்டுக்கு ஆள் சொல்லியாயிற்று, புளித்த குதிரைப்பால் குமிஸுக்கும் ஆள் சொல்லியாயிற்று. அப்போது ஒர்மோன் வாயைத் திறந்தான்.

"நம்ம சைரா எஜே இல்லாம என்னடா கூட்டம்? தலாஸ்ல மக வீட்ல இருக்காங்கன்னு சொன்னியே மேதெத். விலாசத்தைக் குடு. என் லாரியில மெத்தை போட்டு, ராணி மாதிரி கூட்டிட்டு வரேன்."

ஒர்மோன் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவன். சொன்னால் செய்துவிடுவான். எங்கள் ஊரில் அக்காவையும் ஆசிரியையையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவோம். ஆனால் 'எஜே' என்று மட்டும் சொன்னால் எங்கள் வகுப்பில் அது சைரா எஜேதான். நான்கு வருடமும் எங்களுக்கு எல்லாப் பாடமும் எடுத்தவர் அவர்.

நான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எஜே தவறிட்டாங்க. வசந்த காலத்துல. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றேன்.

அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவருக்கு மூட்டுவலி இருந்தது.

ஜீபெக் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒர்மோன் எழுந்துபோய்க் குதிரை கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நூற்றைம்பது கிலோ மனிதன் அழும்போது கம்பமும் சேர்ந்து ஆடும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கோடையில் கூட்டம் மிக நன்றாக நடந்தது. எஜே பேரில் ஓர் ஆட்டை அறுத்தோம். ஒர்மோன் குர்ஆன் ஓதினான். பாதியில் மறந்துவிட்டது, நான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு பாப்லர் மரத்தடியில் துணி விரித்து உட்கார்ந்து ஆளுக்கொரு நினைவைச் சொன்னார்கள்.

"என் சட்டைப் பையில இருந்த குருத், அந்தக் காஞ்ச தயிர் உருண்டை அத்தனையும் புடுங்கி டிராயர்ல போட்டுப் பூட்டுவாங்க. வருஷக் கடைசியில குடுப்பேன்னாங்க. வருஷக் கடைசியில பாத்தா டிராயர் காலி" என்றான் ஒர்மோன்.

"நீ கிளாஸ்ல அதை எலி மாதிரி கடிச்சிட்டே இருந்தா? எஜேயும் மனுஷிதானே, பசிக்காதா?" என்றாள் ஜீபெக்.

"சரி, அதை விடு. ஒர்மோன், ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?"

இதைக் கேட்டவன் நான். எங்கள் வகுப்பின் பழைய வேடிக்கை இது.

"இரு, பூட்ஸைக் கழட்டிட்டுச் சொல்றேன்" என்று ஒர்மோன் காலைத் தூக்கினான். எல்லோரும் புரையேறச் சிரித்தார்கள். முப்பது வருடமாக அவன் இதே பதிலைத்தான் சொல்கிறான். நல்ல மனம் உள்ளவன்.

ஒன்றைக் கவனித்தேன். எஜே இறந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு மேலானவராகிக்கொண்டே போனார். முதல் வருடம் அவர் சுண்ணக்கட்டியால் குறி தவறாமல் நெற்றியில் அடித்தார். இரண்டாம் வருடம் செல்லமாக எறிந்தார். நான்காம் வருடம், அவர் எறிந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. சுண்ணக்கட்டி தானாகத்தான் பறந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இவ்வளவு அன்பு கிடைக்குமா? அந்த அன்பை நான்தான் அவருக்கு ஏற்படுத்திக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் வேறு யாரும் செய்யவில்லை.

எஜேயையும் நான் கைவிட்டுவிடவில்லை. ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டுக்கும், ஆசிரியர் தினத்துக்கும் தலாஸுக்குப் போன் செய்தேன்.

"பிள்ளைங்கல்லாம் எங்கேயாவது கூடுறீங்களா மேதெத்?" என்று கேட்பார்.

"யாருக்கு எஜே நேரமிருக்கு? ஒருத்தன் ரஷ்யாவுல, ஒருத்தி கசகஸ்தான்ல."

"ஆமாமா, வேலையா இருப்பாங்க. நல்லா இருந்தா சரி." பிறகு கொஞ்சம் நிறுத்திக் கேட்பார்: "ஒர்மோன்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் எஜே. என்னை மன்னிச்சிட்டான். உங்க மேலதான் வருத்தம். கூட இருந்தும் அவங்களுக்குத் தெரியலையேன்னு. அதான் பேச மாட்டேங்கிறான். நீங்களா கூப்பிட வேண்டாம்."

அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். தலாஸ் பக்கம் தொலைபேசி இணைப்பு அவ்வளவு தெளிவில்லை. அழுகிறாரா இருமுகிறாரா என்று பிரித்தறிய முடியாது. எனக்கு அது ஒரு வகையில் உதவியாக இருந்தது.

ஒர்மோனிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுத வேண்டும் என்று எஜே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

நான்காம் வகுப்பு முடியும்போது, தலைநகரில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியிலிருந்து ஒரு தேர்வு வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். பத்துக் கணக்கு. மாவட்ட ஆய்வாளர் தலைமையாசிரியர் அறையில் காத்திருந்தார். வழக்கம்போல நோட்டுகளை வாங்கி எடுத்துப் போனவன் நான். வழியில் கரி அறை. ஒர்மோனின் நோட்டைத் திறந்து பார்த்தேன், பத்தும் போட்டிருந்தான். நான் நான்கு போட்டிருந்தேன். பன்னிரண்டு பக்கப் பச்சை நோட்டுகள் அவை. நடுவில் இரண்டு கம்பி ஊசி. நகத்தால் நிமிர்த்தினால் அட்டை கழன்று வரும். பெயர் அட்டையில் மட்டும்தான். மூன்று நிமிடம் பிடித்தது. அதன் பிறகும் ஆய்வாளரிடம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

நான் தலைநகருக்குப் போனேன். நான்கு கணக்கு வாங்கிய ஒர்மோனின் காதைப் பிடித்து அவன் அப்பா ஆடு மேய்க்க அனுப்பினார். ஆய்வாளர் திருத்திய கட்டு பிறகு பள்ளிக்குத் திரும்பி வந்திருக்கிறது. எஜே அதைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஐந்து வருடங்களுக்கு முன்னால் பெட்டியைச் சுத்தம் செய்யும்போதுதான் பிரித்துப் பார்த்தாராம். ஏழாம் எண்ணின் இடுப்பில் கோடு போட்டு, கீழே பன்றி வால் மாதிரி சுழிப்பவன் ஒர்மோன் மட்டும்தான். அந்த ஏழுகள் என் அட்டைக்குள் இருந்தன. உடனே எனக்குப் போன் செய்தார்.

"நீயே சொல்றியா, நான் வந்து சொல்லவா?"

"நானே சொல்றேன் எஜே" என்றேன். அதற்கு அடுத்த வாரம்தான் ஒர்மோன் லாரியில் மெத்தை போடுகிறேன் என்றான். அவர் வந்தால் சொல்லிவிடுவார். வராமலிருக்க என்ன வழி என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் தோன்றியது.

இந்த வருடம் ஜீபெக் பள்ளி நூலகத்துக்கு எஜே பெயரை வைக்க அனுமதி வாங்கிவிட்டாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். பிறந்த வருடமும் இறந்த வருடமும் பொறித்துக் கறுப்புக் கல் செய்தார்கள். அதன் படத்தை அவள் பெருமையாக இணையத்தில் போட, தலாஸில் எஜேயின் பேத்தி அதைப் பார்த்துப் பாட்டியிடம் காட்டியிருக்கிறாள்.

திறப்பு நாள். நண்பகல். முல்லா பிரார்த்தனைக்காகக் கையேந்திவிட்டார். நான் பேச எழுந்து, "இன்னிக்கு எஜே நம்மகூட இல்லன்னாலும்" என்று ஆரம்பித்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு கிழவி கைத்தடியோடு இறங்கினார். முல்லா கையை மடக்கிக்கொண்டார்.

"எஜே... நீங்க செத்துட்டீங்களே" என்றான் ஒர்மோன்.

"யாருடா சொன்னா?"

நாற்பது தலைகள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. எஜே அவசரப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார்.

"ரெண்டு தப்பு" என்றார். "ஒண்ணு எழுத்துல. இன்னொண்ணு சேதியில."

பிறகு கைப்பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்து ஒர்மோனிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். என்னைவிடச் சுருக்கமாகவே சொன்னார். "உனக்கு என் மேல வருத்தம்னு சொன்னான். அதான்டா இத்தனை வருஷம் நான் வரல."

ஒர்மோன் நோட்டைத் திறந்து ஒவ்வொரு கணக்காக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

"எஜே, அப்ப எனக்குக் கணக்கு வந்துச்சா?" என்று கேட்டான்.

"உனக்குத்தான்டா வந்துச்சு."

அவன் அவர் காலடியில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். எஜே அவன் தலையில் கையை வைத்தபடி என்னைக் கூப்பிட்டார். "மேதெத், விளக்கக் கடிதம். ரெண்டு பக்கம். ஏன் செஞ்சேன்னு இருக்கணும். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் படிக்கணும்." நாற்பத்தெட்டு வயதில் கையைக் கட்டிக்கொண்டு, "சரி எஜே" என்றேன்.

ஆக, அட்டைகளை மாற்றியது நான். எஜேயை ஐந்து வருடம் இறந்தவராக வைத்திருந்தது நான். ஒர்மோனுக்கு அவர் மேல் வருத்தம் என்று சொன்னதும் நான். எதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஏன் என்று கேட்டால், அந்த விடுதியைப் பார்த்தவர்கள் உங்களில் யாருமில்லை. சன்னலில் உள்பக்கமும் பனி உறையும். தினமும் முட்டைக்கோஸ் தண்ணீர். நான் வாயைத் திறந்தாலே என் மலைப்பேச்சைப் பழித்துக் காட்டுவார்கள். ஒரு கணக்கும் விளங்காமல் முதல் குளிர்காலம் முழுவதும் போர்வைக்குள் அழுதேன். ஒர்மோன் அப்போது அம்மா கையால் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டு, வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். யாராவது ஒருவர் அந்தக் கஷ்டத்தைப் பட்டாக வேண்டியிருந்தது. அவனுக்குப் பதிலாக நான் பட்டேன். அதற்கு அவன் இன்றுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.